கடைப் பெயரைத் தாங்கிய சுவரோவியம்: வேஃபாரர் பரிந்துரையில் அது கலையா, விளம்பரமா?

வழிநடை:

போக்கிமான் கோ போன்ற விளையாட்டுகளின் வரைபடத்தில் காட்ட வேண்டிய நிஜ இடங்களை விளையாடுபவர்களே பரிந்துரைக்க, மற்றவர்கள் மதிப்பாய்வு செய்யும் தளமான வேஃபாரரில் நிராகரிக்கப்பட்ட ஒரு பரிந்துரையைப் பற்றி இங்குள்ள மதிப்பாய்வாளர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். சைக்கிள் பழுதுபார்க்கும் கடை ஒன்றின் முகப்புச் சுவர் முழுவதையும் கையால் தீட்டிய ஓவியம் நிறைத்திருக்கிறது. வாசலுக்கு மேலே கடையின் பெயர் நிழல் கொடுத்த பெரிய எழுத்துகளில் இருக்கிறது. கடைசி எழுத்தின் வாலே ஒரு மலைச்சாலையாக நீண்டு, சுவரின் வலது முனை வரை வளைந்து வளைந்து ஏறுகிறது. முன்சக்கரம் மட்டும் ஆளுயரம் இருந்த பழைய காலத்து சைக்கிளில் தொடங்கி இன்றைய பந்தய சைக்கிள் வரை, ஒருவர் பின் ஒருவராகப் பலர் அந்தச் சாலையில் மிதித்துக்கொண்டு போகிறார்கள். வலது கீழ் மூலையில் ஓவியரின் கையொப்பமும் உண்டு.

போக்கிமான் கோ விளையாட்டின் வழியாக இதைச் சுவரோவியம் என்று அனுப்பினேன். சாதாரண வணிக நிறுவனம், தோற்றத்தில் தனித்தன்மை இல்லை என்ற காரணங்களோடு திரும்பி வந்துவிட்டது. இதே சுவரில் அந்தப் பெயர் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். ஒரு பெயர் எழுதப்பட்டிருப்பதாலேயே ஓவியம் விளம்பரப் பலகையாகிவிடுமா? மேல்முறையீடு செய்வதா, புதிதாக அனுப்புவதா என்றும் சொல்லுங்கள்.

வடதிசை:

நிறைய மதிப்பாய்வு செய்கிறவன் என்ற முறையில், திரைக்கு அந்தப் பக்கம் என்ன தெரிகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு படம், ஒரு தலைப்பு, இரண்டு மூன்று வரி விவரிப்பு, ஒரு துணைப் படம், வரைபடம், நீங்கள் எழுதிய துணைக் குறிப்பு ஆகியவை மட்டுமே மதிப்பாய்வாளருக்குக் கிடைக்கின்றன. அவர் அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கவில்லை. தலைப்பிலும் கடைப் பெயர், படத்தின் நடுவிலும் கடைப் பெயர் என்றால், அவர் மனத்தில் "இது கடை" என்ற முடிவு விழுந்துவிடுகிறது. மலைச்சாலையும் மிதிப்பவர்களும் அதற்குப் பிறகுதான் கண்ணில் படுகிறார்கள், பட்டால்.

இன்னொன்று: அளவுகோல்களில் "கலை" என்று தனியாக ஒன்று கிடையாது. 2020 நவம்பரில் விதிகள் திருத்தி எழுதப்பட்டதிலிருந்து கேள்விகள் மூன்றுதான். சுற்றிப் பார்த்து அறிவதற்கு ஏற்ற இடமா, உடற்பயிற்சிக்கு ஏற்ற இடமா, மற்றவர்களோடு கூடிப் பழகுவதற்கு ஏற்ற இடமா? சுவரோவியம் முதல் கேள்வியின் வழியாகவே உள்ளே வருகிறது. எங்கும் கிடைக்கக்கூடிய, மொத்தமாகத் தயாரிக்கப்பட்ட, பார்வைக்குச் சிறப்பற்ற பொருள்களை மறுக்கலாம் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. கடைப் பலகைகளில் மிகப் பெரும்பாலானவை அந்த வரிக்குள் அடங்கிவிடும்.

கடைகள் விஷயத்தில் மதிப்பாய்வாளர்களுக்குச் சந்தேகம் கூடுதலாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. இந்த விளையாட்டில் வணிக நிறுவனங்கள் பணம் கொடுத்து இடம்பெறும் வழி ஆரம்பத்திலிருந்தே உண்டு. 2016 ஜூலையில் ஜப்பானில் போக்கிமான் கோ வெளியானபோதே மெக்டொனால்ட்ஸ் கிளைகள் ஏறத்தாழ 3,000 அப்படித்தான் ஜிம்களாகவும் (விளையாடுபவர்கள் மோதும் இடங்கள்) போக்கிஸ்டாப்களாகவும் (பொருள்களைப் பெறும் இடங்கள்) வந்தன. காசு கொடுத்து நுழைய வேண்டிய வாசலுக்குப் பக்கத்திலேயே இலவச வாசல் ஒன்று இருந்தால், கடைக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. உங்களை அப்படி நினைக்கவில்லை. ஆனால் உங்கள் பரிந்துரையைப் பார்ப்பவருக்கு உங்களைத் தெரியாது.

நீலத்தூரிகை:

பெயர்ப்பலகை எழுதுவது என் தொழில். ஆகவே இதில் எனக்குப் பக்கச்சார்பு இருக்கும் என்று வைத்துக்கொண்டே படியுங்கள்.

கடைக்காகத் தீட்டப்பட்டது என்பதாலேயே கலையல்ல என்ற வாதம் கலை வரலாற்றின் முன்னால் நிற்காது. 1720இல் பிரெஞ்சு ஓவியர் ஆன்ட்வான் வாட்டோ பாரிஸில் ழெர்சேன் என்ற ஓவிய வணிகரின் கடைக்காக ஒரு பலகை தீட்டினார். கடையின் உட்புறம், படங்களை உற்றுப் பார்க்கும் வாடிக்கையாளர்கள், பதினான்காம் லூயியின் உருவப்படத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடும் பணியாள் என்று ஒரு கடைவாசலுக்காக வரையப்பட்ட அந்தப் படம் இன்று பெர்லினில் ஷார்லொட்டன்பர்க் அரண்மனையில் இருக்கிறது. வாட்டோவின் மிகச் சிறந்த படைப்புகளில் ஒன்றாக அதை எண்ணுகிறார்கள். ஜார்ஜியாவின் நிக்கோ பிரோஸ்மானி திபிலிசி நகரத்து மதுக்கடைகளுக்குப் பலகைகளும் சுவர்ப்படங்களும் தீட்டிப் பிழைத்தவர். 1918இல் வறுமையில் இறந்தார். இப்போது அந்த நாட்டின் தேசிய அருங்காட்சியகத்தில் அவர் படங்கள் தொங்குகின்றன. புவெனஸ் அயர்ஸ் நகரத்தில் வண்டிகளுக்கும் கடைகளுக்கும் தீட்டப்பட்ட ஃபிலெத்தியாதோ என்ற அலங்கார முறையை 2015இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. அதில் எழுத்தும் பூவேலையும் பிரிக்க முடியாதபடி பின்னியிருக்கும்.

சட்டமும் இதைக் கேட்டிருக்கிறது. சர்க்கஸ் விளம்பரச் சுவரொட்டிகளுக்குப் பதிப்புரிமை உண்டா என்ற வழக்கில் 1903இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உண்டு என்றது. விளம்பரத்துக்குப் பயன்படுகிறது என்பதால் ஒரு படம் படமாக இல்லாமல் போய்விடாது என்றும், சட்டம் மட்டுமே படித்தவர்கள் ஓவியத்தின் தகுதியை எடைபோட உட்காருவது ஆபத்து என்றும் நீதிபதி ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் எழுதினார். மதிப்பாய்வாளர்களும் அந்த இரண்டாவது வரியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

மூன்றாம்படி:

நீலத்தூரிகை அவர்கள் அடுக்கியவை அனைத்தும் உண்மையே. ஆனால் அவை அனைத்தும் கடைவாசலிலிருந்து கழற்றப்பட்ட பிறகோ, யாரோ ஒருவர் மதிப்பை உறுதிசெய்த பிறகோ நமக்குத் தெரியவந்தவை. அருங்காட்சியகச் சுவரில் தொங்கும் பலகையைக் கலை என்பது எளிது. நம் முன்னால் இருப்பது இன்று காலை திறந்து இன்று இரவு மூடப்போகும் ஒரு கடையின் சுவர். பதிப்புரிமை வழக்கையும் அப்படியே இங்கே பொருத்த முடியாது. இன்னொருவர் நகலெடுக்கலாமா என்பது அங்கே கேள்வி. அதைப் பார்க்க ஒருவரை அங்கே நடந்து போகச் சொல்லலாமா என்பது இங்கே கேள்வி. முதலாவதற்கு மிகக் குறைந்த படைப்பாற்றல் போதும். இரண்டாவதற்குப் போதாது.

நான் கையாளும் முறை எளியது. படத்தில் கடைப் பெயர் இருக்கும் பகுதியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்கிறேன். மிச்சமிருப்பது பார்க்கத் தகுந்ததாக இருந்தால் ஏற்கிறேன். வெறும் சுவராகிவிட்டால் மறுக்கிறேன். வாட்டோவின் பலகை இந்தச் சோதனையில் தேறிவிடும், ஏனென்றால் அதில் கடைப் பெயரே இல்லை. வழிநடையின் சைக்கிள் சுவரும் தேறுகிறது. வண்ணம் பூசிய பலகையில் பெயரும் தொலைபேசி எண்ணும் ஓரத்தில் ஒரு பூவும் மட்டும் இருந்தால் தேறாது.

நீலத்தூரிகை:

அந்தக் கட்டைவிரலுக்குக் கீழே என் தொழிலே போய்விடுகிறதே, நண்பரே.

எழுத்தே ஓவியமாக இருக்கும் பலகைகளை அந்தச் சோதனை முழுவதுமாகக் கொன்றுவிடும். ஜெர்மன் ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைனும் அவர் அண்ணன் அம்ப்ரோசியுஸும் 1516இல் பாசல் நகரத்து ஆசிரியர் ஒருவருக்காக இரண்டு பக்கமும் தீட்டிய பலகை ஒன்று அந்நகரத்துக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கீழே வகுப்பறைக் காட்சி இருந்தாலும், பலகையின் பெரும்பகுதி எழுத்துதான். யார் வந்தாலும் எழுதப் படிக்கக் கற்றுத் தருவேன், கற்க முடியாமல் போனவரிடம் கூலி வாங்க மாட்டேன் என்கிறது அந்த வாசகம். சுத்தமான விளம்பரம், அதுவும் சலுகை விளம்பரம். கட்டைவிரல் போதாது, உள்ளங்கையால்தான் மறைக்க வேண்டும். மறைத்தால் ஹோல்பைனில் பாதி போய்விடும்.

கையெழுத்துப் பலகையை அருகில் போய்ப் பார்க்காதவர்களுக்கு அது என்ன வேலை என்று தெரிவதில்லை. பலகை எழுதும் நல்ல கலைஞர் முதலில் முழு அளவுத் தாளில் வரைந்துகொண்டு, கோடுகளின்மீது ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, தாளைச் சுவரில் ஒட்டி, துணி முடிச்சில் கட்டிய சுண்ணப்பொடியைத் தட்டுவார். தாளை எடுத்ததும் சுவரில் புள்ளி வரிசை நிற்கும். அதன்மேல் தட்டை முனைத் தூரிகையை எனாமலில் தோய்த்து, மணிக்கட்டு நடுங்காமலிருக்க ஒரு நீளக் கோலின்மீது கையைச் சாய்த்து இழுப்பார். கண்ணாடிக் கதவில் தங்க ரேக்கு, அதாவது மிக மெல்லிய தங்கத் தகடு, ஒட்டுகிறவர் இதையெல்லாம் உட்புறத்திலிருந்து, இடவலம் மாற்றி, தலைகீழ் வரிசையில் செய்ய வேண்டும்: முதலில் தெரிய வேண்டியது முதலில், பின்னணி கடைசியில். இதை ஒரு லோகோ ஸ்டிக்கரோடு ஒரே வரியில் வைத்து "சாதாரண வணிகம்" என்று பொத்தானை அழுத்துவது அநியாயம்.

குறுக்குச்சந்து:

கையால் செய்தது என்பது மட்டும் போதுமா? பல கிளைகள் கொண்ட நிறுவனங்கள் ஒரே வடிவமைப்பை ஒவ்வொரு கிளைச் சுவரிலும் ஆள் வைத்துக் கையாலேயே தீட்டச் சொல்கின்றன. ஒவ்வொன்றிலும் தூரிகை பட்டிருக்கிறது, ஆனால் ஒன்றைப் பார்த்தவர் எல்லாவற்றையும் பார்த்தவர். என்னைப் பொறுத்தவரை அது ஸ்டிக்கர்தான், காயக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்ட ஸ்டிக்கர்.

வடதிசை:

குறுக்குச்சந்து சொல்வதோடு முழுவதும் உடன்படுகிறேன். நீலத்தூரிகையிடம் ஒரு நடைமுறைக் கேள்வி: கையால் எழுதியதா, வெட்டி ஒட்டிய வினைல் ஸ்டிக்கரா என்பதைக் கைப்பேசியில் எடுத்த படத்தை வைத்து நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? பரிந்துரைப்பவர் "கையால் தீட்டப்பட்டது" என்று எழுதியதை மட்டும் நம்பி ஏற்க முடியாது. அந்த வரியை எல்லோரும் எழுதுகிறார்கள்.

நீலத்தூரிகை:

நியாயமான கேள்வி. ஒரே எழுத்து இரண்டு முறை வரும் இடத்தைத் தேடுங்கள். வினைலில் அவை அச்சு அசலாக ஒன்றாக இருக்கும். கையெழுத்தில் வளைவின் வயிறு ஒன்றில் சற்றுப் பருத்திருக்கும். பக்கத்து எழுத்துக்கு இடம் விடுவதற்காக ஒன்று சற்றே ஒடுங்கியிருக்கும். திறமையானவர் அதை வேண்டுமென்றே செய்வார். அடுத்து, வளைவும் நேர்கோடும் சேரும் இடத்தைப் பாருங்கள். இரண்டு இழுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில் வண்ணம் ஒரு சாயல் அடர்ந்திருக்கும். சாய்வான வெயிலில் எடுத்த படத்தில் தூரிகைமயிரின் மெல்லிய வரிகள் தெரியும். வினைலுக்கு மூலைகள் தூக்கிக்கொள்ளும், நடுவில் காற்றுக் குமிழ் நிற்கும், வெயிலில் சுருங்கினால் ஓரத்தில் பசைக் கோடு அழுக்காகத் தெரியும். செங்கல் சுவரானால் இன்னும் எளிது, ஏனெனில் வண்ணம் காரைச் சந்துக்குள் இறங்கியிருக்கும். ஒட்டியது பெரும்பாலும் சந்தின்மேல் பாலம்போல் நிற்கும்.

இவற்றில் ஒன்றையாவது துணைப் படமாக நெருக்கத்தில் எடுத்து வைத்தால் வாதமே வேண்டாம். பெரும்பாலானோர் துணைப் படத்தில் சாலையை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடுகிறார்கள்.

இரவுலா:

இந்த விவாதத்தில் யாரும் தொடாத ஒன்று எனக்கு வெகுநாளாக உறுத்துகிறது. பழைய செங்கல் சுவர்களில் மங்கிப்போன விளம்பர எழுத்துகள் தெரியும் அல்லவா, அவற்றை யாராவது பரிந்துரைத்தால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு ஏற்கப்படுகின்றன. அந்தக் காலத்து ஈய வண்ணம் செங்கலில் ஊறிப் பிடித்துக்கொண்டதால், மேலே பூசிய வண்ணங்கள் உதிர்ந்த பிறகும் எழுத்து மட்டும் நிற்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் தீட்டப்பட்ட நாளில் அது முழுக்க முழுக்க விளம்பரம். பெரும்பாலும் ஓவியமே இல்லாத, பெயரும் பொருளும் மட்டும் எழுதிய விளம்பரம்.

அதாவது ஒரு நிறுவனம் செத்துப்போனால் அதன் பலகை பாரம்பரியம், உயிரோடு இருந்தால் குப்பை. அதே கையால், அதே தரத்தில், இன்று தீட்டியதை மறுத்துவிட்டு, நூறு ஆண்டு கழித்து அது மங்கியதும் ஏற்றுக்கொள்வோம் என்பது என்ன நியாயம்? பழமை ஒரு தகுதி என்றால் அதைப் பழமை என்று சொல்லி ஏற்கட்டும். கலை என்ற பெயரில் அதற்கு அனுமதி கொடுத்துவிட்டு, இயங்கும் கடைக்கு அதே பெயரில் கதவை மூடக் கூடாது.

மூன்றாம்படி:

முரண்பாடு என்று சொல்லப்பட்டதில் பாதி முரண்பாடே இல்லை என்று நினைக்கிறேன். மங்கிய எழுத்து இப்போது யாருக்கும் எதையும் விற்கவில்லை. அதனால் அதைப் பரிந்துரைப்பவருக்கு ஆதாயம் இல்லை, பார்ப்பவருக்குச் சந்தேகமும் இல்லை. வடதிசை முதலில் சொன்ன அந்த இலவச வாசல் பிரச்சினை அங்கே எழாது. மேலும் அது கடையைப் பற்றியதல்ல, அந்தத் தெரு முன்பு என்னவாக இருந்தது என்பதைப் பற்றியது. சுற்றிப் பார்த்து அறிவது என்ற முதல் அளவுகோலுக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் கிடைப்பது கடினம்.

மற்றப் பாதி உண்மையான முரண்பாடு, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தரத்தைப் பார்க்கத் தெரியாததால் நாம் வயதைப் பார்க்கிறோம்.

மன்றாடி:

இந்தக் குழப்பம் விளையாட்டுக்கு மட்டும் உரியதல்ல. நகராட்சிகளும் இதிலேயே தடுமாறியிருக்கின்றன. பலகை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று அமெரிக்க ஊர்களில் விதி இருக்கிறது; சுவரோவியத்துக்கு அந்த அளவு விதி பெரும்பாலும் பொருந்தாது. ஆகவே கடைச் சுவரில் இருப்பது பலகையா ஓவியமா என்று அதிகாரி ஒருவர் முடிவுசெய்தாக வேண்டியிருக்கிறது.

வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டன் கவுன்டியில் நாய்ப் பராமரிப்பு நிலையம் ஒன்று, நாய்ப் பூங்காவைப் பார்த்த தன் சுவரில் கேலிச்சித்திர நாய்களையும் எலும்புகளையும் பாதச்சுவடுகளையும் தீட்டியது. 960 சதுர அடி. கடைப் பலகைக்கு விதி அனுமதித்தது 60 சதுர அடி. படத்தில் இருந்த நாய்கள் சில, நிலையத்தின் லோகோவில் இருந்த அதே நாய்கள். இது வணிகப் பலகைதான் என்ற கவுன்டியின் நிலையை 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கான்வே ஊரில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே ஒரு பேக்கரியின் முகப்பில் 2022இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மலைக்காட்சி ஒன்றைத் தீட்டினார்கள். மலைகள் எல்லாம் டோனட், மஃபின் வடிவத்தில். விற்கும் பண்டத்தைக் காட்டுவதால் இது பலகை, அளவு மீறியது என்றது ஊர் நிர்வாகம். வெறும் மலையாக இருந்திருந்தால் பிரச்சினை இல்லையாம். பேச்சுரிமை மீறப்பட்டது என்று 2025இல் கூட்டாட்சி நீதிமன்றம் பேக்கரியின் பக்கம் தீர்ப்பளித்தது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான். கடையில் விற்பது படத்திலும் வந்துவிட்டது என்பது தனியாக எதையும் நிரூபிக்காது. படம் லோகோவின் நீட்சியா, தனக்கென்று ஒரு காட்சியா என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. வழிநடையின் சுவரில் சைக்கிள் கடையின் லோகோ திரும்பத் திரும்ப வருகிறதா?

வழிநடை:

இல்லை. லோகோ என்று எதுவுமே அந்தச் சுவரில் இல்லை. மிதிப்பவர்களின் உடைகூட அந்தந்தக் காலத்து உடை. சைக்கிளின் வரலாற்றை ஒரு மலையேற்றமாகச் சொல்லியிருக்கிறார் ஓவியர் என்பதே என் புரிதல். பெயரின் எழுத்திலிருந்து சாலை கிளம்புவதால், மூன்றாம்படி சொல்கிறபடி பெயரை மறைத்தால் சாலை அந்தரத்தில் தொடங்குகிறது. ஆகவே பெயரும் ஓவியத்தின் ஓர் உறுப்பு என்று நான் வாதிடுவேன்.

வடதிசை:

அந்த வாதத்தைத் துணைக் குறிப்பில் இந்த அளவுக்கு எழுதியிருந்தால் நான் ஏற்றிருப்பேன். ஆனால் இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒன்று நிலைத்தன்மை. நிலையான, தொட்டுணரக்கூடிய, அடையாளம் காணக்கூடிய பொருளாக இருக்க வேண்டும் என்பது விதி. கடை கைமாறினால் முதலில் வெள்ளையடிக்கப்படுவது பெயர் இருக்கும் சுவர்தான். வெறும் சுவரோவியத்துக்கு அந்த ஆபத்து குறைவு. இதனாலேயே மறுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எந்தச் சுவரோவியமும் சாகாவரம் வாங்கி வந்ததல்ல, அழிந்தால் நீக்கக் கோரலாம். ஆனால் ஒரு மாதத்துக்கு முன்பு திறந்த கடை என்றால் நான் தயங்குவேன்.

மற்றொன்று இடம். அதிகாரபூர்வ விதியில் இல்லாவிட்டாலும் விளையாடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: உலக வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் எஸ்2 முறையின் 17ஆம் நிலைக் கட்டம் ஒன்றுக்குள், அதாவது பக்கத்துக்கு ஏறத்தாழ 70 மீட்டர் உள்ள சதுரத்துக்குள், போக்கிமான் கோ வரைபடத்தில் ஒரு போக்கிஸ்டாப்போ ஜிம்மோதான் காட்டப்படும். நாளை அதே கட்டத்துக்குள் ஒரு சிற்பமோ நினைவுத்தூணோ வந்தால் இந்தச் சுவர் அதை மறைத்துக்கொண்டு நிற்கும். இதே இடங்களைப் பயன்படுத்தும் இன்னொரு விளையாட்டான இன்கிரஸில் 20 மீட்டர் இடைவெளி போதும் என்பதால் அங்கே இந்த நெருக்கடி குறைவு. இதை வைத்து மதிப்பாய்வு செய்யக் கூடாது என்று எனக்கும் தெரியும். பலர் மனத்தில் இதுதான் ஓடுகிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

நீலத்தூரிகை:

மூன்றாம்படியின் கட்டைவிரலுக்குப் பதிலாக நான் ஒரு கேள்வியை வைக்கிறேன். கடைக்காரரே இல்லாத ஒருவர், அந்தக் கடையில் வாங்க எதுவும் இல்லாத ஒருவர், இதைப் பார்ப்பதற்காகத் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போவாரா? போவார் என்றால் அது எழுத்தாக இருந்தால் என்ன, மலையாக இருந்தால் என்ன. கண்ணாடிக்குப் பின்னால் தங்க ரேக்கில் எழுதிய நான்கு எழுத்துக்காக நான் தெருவைக் கடந்திருக்கிறேன். முழுச் சுவரை நிறைத்த எத்தனையோ சுவரோவியங்களைத் திரும்பிப் பார்க்காமலும் போயிருக்கிறேன். அவற்றில் கடைப் பெயர் ஒன்றும் இல்லை, அவையெல்லாம் போக்கிஸ்டாப்களாகவும் இருக்கின்றன.

மூன்றாம்படி:

இந்தக் கேள்வி என் சோதனையைவிட நல்லது, ஆனால் பத்துப் பேர் பத்து விடை சொல்வார்கள். என் கட்டைவிரலுக்கு ரசனை கிடையாது, அதுவே அதன் சௌகரியம். எழுத்தே படைப்பாக இருக்கும் பலகைகளுக்கு மட்டும் உங்கள் கேள்வியைப் பயன்படுத்திக்கொள்கிறேன். அங்கே பரிந்துரைப்பவர் எழுதியவர் யார், எந்த முறை, என்ன சிறப்பு என்று காட்ட வேண்டும். படம் உள்ள சுவருக்கு அவ்வளவு கேட்க மாட்டேன்.

குறுக்குச்சந்து:

எழுதியவர் பெயர் கிடைக்காத பலகைகளுக்கு என்ன செய்வது? இந்தத் தொழிலில் கையொப்பம் போடும் வழக்கம் எல்லா இடத்திலும் இல்லையே.

நீலத்தூரிகை:

இல்லைதான். போடச் சொன்னால் கடைக்காரர் கூடுதலாக ஒரு பெயர் எதற்கு என்பார். பெயர் கிடைக்காவிட்டால் முறையையாவது சொல்லட்டும். எனாமலா, தங்க ரேக்கா, சுண்ணத் துளைத்தாளா, நேரடியாக இழுத்ததா? சுவரைப் பார்த்தே சொல்ல முடிகிறவைதான் இவை.

வழிநடை:

அனைவருக்கும் நன்றி. மேல்முறையீடு செய்தால் பழைய படமும் பழைய தலைப்பும் அப்படியே போகும் என்பதால், புதிதாகவே அனுப்புகிறேன். தலைப்பாக "சைக்கிள் வரலாற்றுச் சுவரோவியம்" என்று வைத்திருக்கிறேன். விவரிப்பு இப்படி: "உயரச் சக்கர சைக்கிள் முதல் பந்தய சைக்கிள் வரை, ஒரு மலைச்சாலையில் ஏறும் ஓட்டிகளாகச் சைக்கிளின் வளர்ச்சியைக் காட்டும் கையால் தீட்டிய ஓவியம். சாலை பெயரெழுத்தின் வாலிலிருந்து தொடங்குகிறது. ஓவியரின் கையொப்பம் வலது கீழ் மூலையில் உள்ளது. அனைத்து வகை சைக்கிள்களும் இங்கே சிறந்த முறையில் பழுதுபார்க்கப்படும்." முதன்மைப் படத்தை இடப்பக்கம் நின்று எடுத்திருக்கிறேன், மலைச்சாலை முழுவதும் விழுகிறது, பெயர் ஓரமாகத் தெரிகிறது. துணைப் படமாகக் கையொப்பத்தையும் செங்கல் சந்தில் வண்ணம் இறங்கிய இடத்தையும் சேர்த்து ஒரே படமாக எடுத்திருக்கிறேன்.

வடதிசை:

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு அனுப்பினால் நானே மறுப்பேன். துணைப் படம் சுவரிலிருந்து சற்று விலகி, நடைபாதையும் விழும்படி இருக்கட்டும். நடந்து போய்ச் சேரப் பாதுகாப்பான வழி இருக்கிறதா என்பதும் பார்க்கப்படும், நெருக்கத்தில் எடுத்த படத்தில் அது தெரியாது. கையொப்பம் எங்கே இருக்கிறது என்பதைத் துணைக் குறிப்பில் சொன்னால் போதும், முதன்மைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்வார்கள். கடை வாசலில் நிறுத்திய வண்டியின் எண்பலகையோ ஆளின் முகமோ விழாத நேரமாகப் பார்த்து எடுங்கள்.

வழிநடை:

எடுத்துவிட்டேன். கடை திறப்பதற்கு முன்பு காலையில் போய்ப் புதிய துணைப் படம் எடுத்து, இன்றே அனுப்பிவிடுகிறேன்.